காருகுறிச்சியாரை எந்தப் பெட்டியில் கேட்பது?

நாகஸ்வரம் அறைக்குள் அடங்குகிற வாத்தியம் இல்லை. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நின்று, ரதவீதியின் அகலத்துக்கும் கூட்டத்தின் இரைச்சலுக்கும் ஈடுகொடுத்து ஊதுவதற்கென்றே ஆனது. பக்கத்தில் தவில் வேறு. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைப் பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ 12 அடிக்கு 12 அடி காங்கிரீட் ஹாலில் உட்கார்ந்து கேட்க ஆசைப்படுகிறவருக்கு எந்த ஸ்பீக்கர் சரிப்படும்? திருநெல்வேலியில் ஒருவர் நல்ல ஹை-ஃபை செட் வாங்கக் கிளம்பினால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கட்சி. விலை, கம்பெனி, பெட்டியின் பளபளப்பு எல்லாம் பிறகு.

இதற்காக, குணத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஒன்று, பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. மற்றது, அமெரிக்காவின் கிளிப்ஷ் கம்பெனி செய்யும் ஹெரெஸி. அரை நூற்றாண்டு ஆகியும் இரண்டையும் இன்றும் செய்து விற்கிறார்கள். விலை இரண்டுக்குமே லட்சங்களில்தான். எல்லோரும் வாங்கிவிட முடியாது. ஆனால் கடையில் நாம் பார்க்கும் மற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை இவற்றுக்கு நடுவில் எங்கேயோதான் நிற்கின்றன. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மற்றவற்றை எடைபோடுவது எளிது.

எல்எஸ்3/5ஏ வந்த இடம் ஒரு வேன். வெளியூர் ஒலிபரப்புக்குப் போகும் பிபிசி வண்டிக்குள் பெரிய பெட்டிக்கு இடமில்லை. அதே சமயம், அறிவிப்பாளரின் குரல் சரியாகப் பதிவாகிறதா என்று நம்பிச் சொல்ல ஒரு ஸ்பீக்கர் வேண்டும். ஒலி அரங்குகளைச் சின்ன மாதிரி செய்து சோதித்துப் பார்த்த ஆய்விலிருந்து 1970களின் தொடக்கத்தில் இந்தப் பெட்டி உருவானது. உயரம் 30 செ.மீ., அகலம் 19, ஆழம் 16. உள்ளே கெஃப் கம்பெனியின் 5 அங்குல வூஃபர் ஒன்று, சின்ன ட்வீட்டர் ஒன்று. காற்றுப் போக வழியில்லாமல் மூடிய பெட்டி. 1976இல் பிபிசி இதன் வடிவமைப்பை ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. உரிமம் பெற்று ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் செய்தன.

ஹெரெஸியின் கதை வேறு. பால் கிளிப்ஷ் 1946இல் ஆர்கன்ஸா மாநிலத்தின் ஹோப் என்ற ஊரில் கம்பெனி தொடங்கியவர். அவருடைய பெயர்பெற்ற கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையில்தான் உட்காரும். சுவர்களையே தன் கூம்பின் நீட்சியாக்கிக்கொள்ளும். இரண்டு மூலைக்கும் நடுவில் தூரம் அதிகமாகிவிட்டால் இடையில் ஓசை வெறிச்சோடிப் போகும். அதை நிரப்ப 1957இல் ஒரு சின்னப் பெட்டி செய்தார். முழுக் கூம்பு இல்லாத பெட்டியைக் கிளிப்ஷ் செய்வதே மதத்துரோகம் என்று யாரோ சொல்ல, அதையே பெயராக வைத்துவிட்டார் என்பார்கள். சின்னது என்றால் அவர் கணக்கில் சின்னது: இரண்டடி உயரம், 20 கிலோவுக்குக் குறையாது. 12 அங்குல வூஃபர் நேராக ஒலிக்கும். நடுச்சுருதிக்கும் மேல்சுருதிக்கும் தனித்தனிக் கூம்பு.

அந்தக் கூம்பு நமக்குப் புதிதில்லை. நெல்லைச் சீமையில் கோயில் கொடை என்றால் தென்னை மரத்திலும் மின்கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். மைக்செட்காரர் விடியற்காலையில் போடும் முதல் பாட்டு வயல் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் மாறி மாறி வரும் ‘சிங்கார வேலனே தேவா’வை இந்தப் பக்கத்தில் பலர் முதன்முதலில் கேட்டது குழாய் வழியாகத்தான் இருக்கும். குழாயில் அடிச்சுருதி கிடையாது. உச்சச் சுருதியும் தேய்ந்துவிடும். ஆனால் குரலும் நாகஸ்வரமும் குடியிருக்கும் நடுப்பகுதியைக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் தள்ளும். ஒரு தலைமுறையின் காது அதில்தான் பழகியது. ஹெரெஸியை முதல்முறை கேட்கும் நெல்லைக்காரருக்கு உடனே பிடித்துப்போனால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதற்குள் இருப்பது நாகரிகமான, அடிச்சுருதியும் சேர்ந்த குழாய்.

இனி எண்கள். ஒரே மின்னழுத்தத்தை இரண்டுக்கும் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எல்எஸ்3/5ஏ சுமார் 83 டெசிபெல் தரும். ஹெரெஸிக்கு 99 என்கிறது கம்பெனி. கம்பெனிக் கணக்கில் கொஞ்சம் தாராளம் இருக்கும் என்று வைத்தாலும் வித்தியாசம் பெரிது. 16 டெசிபெல் என்றால் ஒலி ஆற்றலில் சுமார் 40 மடங்கு. காதுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு சத்தம். ஹெரெஸியை ஐந்து வாட் வால்வு ஆம்ப் தாராளமாக ஓட்டும். எல்எஸ்3/5ஏக்கு ஐம்பது வாட் நல்ல ஆம்ப் வேண்டும். அதற்கு மேல் கொடுத்துத் திருகினால் வூஃபர் தாங்காது.

கடையில் ஏமாறும் இடமும் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஆம்பில் திருகைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிக் காட்டினால் ஹெரெஸி ஜெயித்துவிடும். சத்தமாகக் கேட்பது சிறப்பாகக் கேட்பதாகத் தோன்றுவது மனிதக் காதின் பழைய பலவீனம். ஒரு டெசிபெல் வித்தியாசமே தீர்ப்பைப் புரட்டப் போதும். போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, உட்காரும் இடத்தில் இரண்டும் ஒரே அளவு, 75 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளலாம், வருகிறதா என்று சரிபார்த்த பிறகே கேட்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நெல்லையில் ஷோரூம் என்றால் பெரும்பாலும் டிவியும் சவுண்ட்பாரும்தான். இந்த ரகப் பெட்டிகளுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேறத்தான் வேண்டும். அவ்வளவு தூரம் போய்விட்டு அவர் போடும் பாட்டை அவர் வைக்கும் சத்தத்தில் கேட்டுத் திரும்புவதில் அர்த்தமில்லை.

ஆனால் சென்னைக் கடையின் டெமோ அறை நம் வீடு இல்லை. அங்கே தரையில் கம்பளம், சுவரில் பஞ்சுப் பலகை. இங்கே விட்ரிஃபைடு டைல்ஸ், வெறும் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். பத்தமடைப் பாயை விரித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டு மாதிரி மெல்லிய பாய் ஒலியைக் குடிக்காது. கனத்த ஜமுக்காளம், பஞ்சு மெத்தை, புத்தகம் அடுக்கிய அலமாரி இவைதான் கொஞ்சமாவது உதவும். அதுவும் மேல்சுருதிக்கு மட்டும். அடிச்சுருதியின் தொல்லை வேறு வகை. 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 12 அடிச் சுவர்களுக்கு நடுவில் 48 ஹெர்ட்ஸ் அலை சரியாகச் சிக்கி அதிரும். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கிற சதுர அறையில் இரண்டு திசையிலும் அதே அதிர்வு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 10 அடி உயரக் கூரை 57 ஹெர்ட்ஸில் தன் பங்குக்கு அதிரும்.

ஹெரெஸியின் 2019 வடிவம் 48 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்கிறார்கள். அதாவது நம் ஹால் எங்கே பலவீனமோ சரியாக அங்கே. தவிலின் தொப்பி அடி ஒவ்வொன்றும் அறைக்குள் தங்கி அடுத்த அடியின் மேல் விழும். வேகமான தீர்மானத்தில் கணக்குக் குழம்பிவிடும். எல்எஸ்3/5ஏ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல விலகிக்கொள்கிறது. மேல் அடிச்சுருதியில் சின்னதாக ஒரு மேடு வைத்து, இல்லாத ஆழம் இருப்பதுபோல் காதை நம்பவைக்கவும் அதற்குத் தெரியும். குறை என்று விற்பனையாளர் சொல்வது இந்த அறையில் குணமாகிவிடுகிறது.

2019இல் ஹெரெஸி இன்னும் ஆழமாக இறங்கியதற்குக் காரணம் பெட்டியில் ஒரு துளை. அதற்கு முன் அதுவும் மூடிய பெட்டிதான். துளையின் தத்துவம் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரிந்ததே. குடத்தின் வாயில் தட்டினால் உள்ளே அடைபட்ட காற்று ஒரே ஒரு தாழ்ந்த சுருதியில் அதிரும். ஸ்பீக்கர் துளையும் அதையேதான் செய்கிறது. அந்தச் சுருதியில் பலம் கூடும், அதற்குக் கீழே சட்டென்று சரியும். மூடிய பெட்டி மெதுவாகச் சரியும்.

கூம்புக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கூம்பு ஒலியை முன்னால் மட்டும் குறிவைத்து அனுப்புவதால் பக்கச் சுவரில் பட்டுத் தெறிப்பது குறைவு. டைல்ஸ் போட்ட ஹாலில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் ஹெரெஸியில் ஜானகியின் குரல் தெளிவாகவும் எல்எஸ்3/5ஏயில் சற்றுக் கலங்கியும் கேட்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பரிகாரம் சின்னப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. காது மட்டத்துக்கு ஸ்டாண்டு போட்டு, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, ஐந்தாறடி தூரத்தில் உட்கார்ந்துவிட்டால் சுவர் பேசுவதற்கு முன் ஸ்பீக்கர் பேசிவிடும். வேனுக்குள் அது அப்படித்தானே இருந்தது.

இன்னொரு விஷயத்தை வெளிநாட்டு விமரிசகர்கள் எழுதுவதே இல்லை: சீலிங் ஃபேன். திருநெல்வேலியில் வருஷத்தில் பாதிக்கு மேல் அது நிற்காது. முழு வேகத்தில் சுற்றினால் 50 டெசிபெல் பக்கம் இரைச்சல். ஆலாபனையின் மெல்லிய முடிவுகள் அதற்குள் முங்கிப்போகும். ஹெரெஸியில் சத்தத்தைக் கூட்டி அதற்கு மேலே ஏறிவிடலாம். எல்எஸ்3/5ஏ கொஞ்சம்தான் ஏறும். சின்னப் பெட்டி வாங்குகிறவர் பட்ஜெட்டில் சத்தமில்லாத ஃபேனோ ஏசியோ சேர்த்துக்கொள்வது நல்லது. ஆம்புக்குச் செலவழிப்பதைவிட அதில் பலன் அதிகம்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது? கடைகளில் அமெரிக்க ஜாஸும் கிதாரும் போடுவார்கள். அவை எந்தப் பெட்டியிலும் நன்றாகவே கேட்கும். பிபிசிக்காரர்கள் குரலை வைத்துச் சோதித்தார்கள்: ஆள் அடுத்த அறையில் பேச, அதே பேச்சை ஸ்பீக்கரில் கேட்டு ஒப்பிடுவார்கள். இதை நாமும் செய்யலாம். ஆச்சி பேசுவதை நல்ல மைக்கில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். நாகஸ்வரத்தைவிட ஆச்சியின் குரல் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்; மூக்கடைத்தாற்போல் ஒலித்தால் மறுவார்த்தை இல்லாமல் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடலாம். இந்தச் சோதனையில் எல்எஸ்3/5ஏயை வெல்வது கடினம். ஹெரெஸியில் குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கும், உற்சாகமாக, சிலருக்குச் சற்று அதட்டலாகவும்.

அடுத்து ஒற்றை ஸ்பீக்கர் சோதனை. காருகுறிச்சியார் 1921இல் பிறந்து 1964இல் மறைந்தவர். அவர் விட்டுப்போன பதிவுகள் ஸ்டீரியோவுக்கு முந்திய பழக்கத்தில் ஆனவை. அவர் குருநாதர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பதிவுகளும் அப்படியே. மோனோ ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் போடும்போது ஒன்றின் குறையை மற்றது பூசி மெழுகிவிடும். கனடாவிலும் பிறகு அமெரிக்காவிலும் ஃப்ளாய்டு டூல் நடத்திய ஆய்வுகளில், ஸ்பீக்கரின் குறைகளை மக்கள் ஒற்றை ஸ்பீக்கரில் இன்னும் கறாராகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரியவந்தது. ஆகவே ஒரு வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அந்தப் பழைய பதிவுகளில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இசை அதிகம் கிடையாது. தவிலின் உச்ச வீச்சும் பதிவிலேயே அடங்கிப்போயிருக்கும். ஹெரெஸி தரத் தயாராக இருக்கும் ஆழமும் வீச்சும் கேட்பாரற்றுக் கிடக்கும். நாகஸ்வரம் பெரிய வாத்தியம், பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்ற நினைப்பு இங்கே சரிகிறது. அண்மையில் நன்றாகப் பதிவான கச்சேரிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் தவிலின் திடுக்கிடும் அடியை முழுசாகக் காட்ட எல்எஸ்3/5ஏயால் முடியாது, முயன்றால் மூச்சு வாங்கும்.

உழைப்பில் இரண்டும் நம் ஊருக்குத் தாங்கும். வூஃபரின் விளிம்பில் ஸ்பஞ்சு வைத்த பெட்டிகள் நம் வெக்கையில் சில வருஷங்களில் பொடிந்து உதிரும். எல்எஸ்3/5ஏயின் பழைய வூஃபரில் ரப்பர் விளிம்பு, ஹெரெஸியில் மடிப்புத் துணி. வேறு எந்தப் பெட்டி வாங்கினாலும் இதை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த வண்ணார்பேட்டை ஆட்களுக்கு, ஒரு கையால் பரணில் தூக்கி வைக்கக்கூடிய பெட்டியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

காங்கிரீட் ஹாலுக்கு என் ஓட்டு சின்னப் பெட்டிக்கே. ஆனால் டவுனில் கட்டைக்குத்துக் கூரையோடு பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. பட்டாசல் என்கிற நீண்ட கூடம், முன்னால் தார்சா என்கிற தாழ்வாரம், திறந்த முற்றம். அடிச்சுருதி சிக்கிக்கொள்ள அங்கே மூடிய மூலை இல்லை. மிஞ்சியது வெளியே போய்விடும். அந்த வீட்டுக்கு எல்எஸ்3/5ஏ போதவே போதாது, முற்றத்தைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும். ஹெரெஸி வாங்குகிறவர் அங்கே வாங்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் நாகஸ்வர ரசிகராக இருக்கும்பட்சத்தில்.