புகை பூசாத கறுப்பு

இங்கிலாந்தின் கறுப்பு அந்துப்பூச்சி கதையைப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. தொழிற்சாலைப் புகையில் மரம் கறுத்தது, பூச்சியும் கறுத்தது... பரீட்சைக்கு இது போதும். ஆனா பூச்சியைக் கறுப்பாக்கியது புகையா? இந்தக் கேள்விக்குப் பின்னாடி நூறு வருஷச் சண்டை இருக்கு மக்களே!

பூச்சியின் பெயர் பிஸ்டன் பெட்டுலேரியா. வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் சிந்தின மாதிரி இருக்கும். 1848ல் மான்செஸ்டரில் கன்னங்கரேல்னு ஒண்ணு கண்ணில் பட்டது. 1895 வாக்கில் அங்கே நூற்றுக்கு 98 கறுப்பு! அடுத்த வருஷமே ஜே.டபிள்யூ. டட் காரணம் சொன்னார்: கரி படிந்த மரத்தில் வெள்ளைப் பூச்சி பறவைக் கண்ணில் மாட்டிக்குது, கறுப்பு தப்பிச்சுடுது.

சரி, அது கறுப்பு பெருகியதற்குக் காரணம். முதல் கறுப்பு எப்படி வந்தது?

1920களில் ஹெஸ்லப் ஹாரிசன், உலோக உப்பு கலந்த இலைகளை வேறு சில அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்குக் கொடுத்து, அதனால் கறுப்பு வந்து தலைமுறைக்கும் தொடர்ந்ததாகச் சொன்னார். அதாவது புகையே நிறத்தை மாற்றுதாம். மத்தவங்க செய்து பார்த்தப்போ அப்படி எதுவும் வரலை.

1953ல் கெட்டில்வெல் பர்மிங்காம் காட்டில் பூச்சிகளை விட்டுப் பார்த்து டட் சொன்னதை ஆதரித்தார். ஆனா பகலில், அடிமரத்தில் கொண்டுபோய் விட்டது இயற்கையான சூழலா என்று கேள்வி வந்தது. 2002ல் ஜூடித் ஹூப்பரின் புத்தகம் மோசடி என்கிற அளவுக்குச் சந்தேகம் கிளப்பியது. பரிணாம எதிர்ப்பாளர்களுக்குக் கொண்டாட்டம்தான்!

மைக்கேல் மஜேரஸ் என்ற கேம்பிரிட்ஜ்காரர் வாதாடிக்கிட்டு இருக்கலை. 2001லிருந்து 2007 வரை தன் தோட்டத்திலேயே 4,864 பூச்சிகளை விட்டு, பறவைகள் எதைத் தின்னுதுன்னு பொறுமையா கணக்கெடுத்தார். புகை குறைந்த அந்த ஊரில் கறுப்புதான் அதிகம் மாட்டியது. கணக்கு சரி. ஆனா முழுசா எழுதி வெளியிடும் முன்பே 2009ல் இறந்துட்டார். மற்ற விஞ்ஞானிகள் அதை 2012ல் வெளியிட்டாங்க.

முதல் கறுப்புக்கு விடை 2016ல் கிடைத்தது. டிஎன்ஏவில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள அப்படி ஒரு துண்டு 'கார்டெக்ஸ்' என்ற மரபணுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கு. அது நடந்தது ஏறத்தாழ 1819 என்பது மதிப்பீடு. பிரிட்டனின் இந்தக் கறுப்பு வகை முழுவதும் அந்த ஒரே நிகழ்விலிருந்து வந்தது.

இங்கேதான் விஷயமே இருக்கு. புகை நிறத்தை மாற்றியிருந்தால், புகைபோக்கி இருந்த ஊருக்கு ஊர் கறுப்பு தனித்தனியா முளைச்சிருக்கணும். முளைக்கலை. தாவின துண்டுக்கு மரத்தின் நிறமும் தெரியாது, பறவையின் பசியும் தெரியாது. மாற்றம் தன்பாட்டுக்கு வந்தது. புகை அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது, அவ்வளவே.

1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மரங்கள் மெல்ல வெளுத்தன, கறுப்புப் பூச்சியும் அரிதாகிப் போச்சு. வெள்ளை எப்படித் திரும்பியது? கறுப்பு ஓங்கு பண்பு. அதனால் கறுப்புப் பூச்சிக்குள்ளேயே வெள்ளைக்கான மரபணு ஒளிஞ்சிருக்க முடியும். மிச்சமிருந்த அந்த 2 சதவீதமும், கிராமப்புற வெள்ளைகளும் வேற இருந்துச்சு. அதெல்லாம் அழிஞ்சிருந்தால், மரம் வெளுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

ஊருக்கு ஆகாததுன்னு ஒதுங்கிக் கிடக்கும் அந்த ரெண்டு சதவீதத்தை இனிமே லேசா நினைக்காதீங்க :-)