நாளுக்கு இரண்டு சென்ட்

2000களின் நடுவில் ஒரு டாட் காம் பெயரை ஓராண்டு கையில் வைத்திருக்க ஏழு டாலர் சொச்சம் செலவாகும். அதில் ஆறு டாலர் டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனத்துக்குப் போகும், மிச்சம் பதிவாளருக்கு. மொத்தத்தை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு இரண்டு சென்ட். இதற்கு மேல் சம்பாதிக்கிற பெயரை வைத்துக்கொள்ள வேண்டும், சம்பாதிக்காததை விட்டுவிட வேண்டும். கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம் இந்தக் கணக்குதான். அமெரிக்காவில் இருந்த ஒருவர் ஆயிரக்கணக்கில் பெயர்களை வாங்கிக் குவித்திருந்தார். அவற்றைத் தரம் பிரித்து பார்க்கிங்கில் போடுவதும், எது தேறும் எது தேறாது என்று சொல்வதும் எங்கள் வேலை.

பார்க்கிங்கில் கிடக்கும் பெயருக்குப் பின்னால் தளம் எதுவும் இருக்காது. பெயரின் நேம் சர்வர்களை ஒரு பார்க்கிங் நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிடுவோம். யாராவது அந்த முகவரிக்கு வந்தால் நாலைந்து இணைப்புகள் கொண்ட ஒரு பக்கம் திறக்கும். வந்தவர் ஒன்றைத் தட்டுவார், விளம்பரங்கள் வரும், அதில் ஒன்றையும் தட்டினால் விளம்பரதாரரிடமிருந்து காசு கழியும். கூகுளோ யாஹூவோ தன் பங்கை எடுத்துக்கொள்ளும், பார்க்கிங் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி பெயரின் சொந்தக்காரருக்கு வரும்.

அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் தேடுபொறி வழியாக வந்தவர் அல்ல. முகவரிப் பட்டையில் ஒரு சொல்லை அடித்து, கூடவே டாட் காம் சேர்த்து, என்டர் தட்டியவர். இந்த வருகைக்குத் தொழிலில் டைப்-இன் டிராஃபிக் என்று பெயர். எங்கள் டீம் லீடர் மதுரைக்காரர். புதிதாகச் சேர்கிற பையன்களிடம் அவர் சொல்வது: "பேரு அழகா இருக்கான்னு பாக்காதப்பா. இதை எவனாவது அடிப்பானான்னு மட்டும் பாரு."

டொமைன் வரலாறு என்றால் எந்தப் பெயர் எத்தனை கோடிக்குப் போனது என்றுதான் எழுதுகிறார்கள். விற்பனைகள் நடந்தது உண்மை. ஆனால் இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டது மனிதர்களின் ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் இருந்தவரை தொழில் இருந்தது.

முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15ஆம் தேதி பதிவானது. சிம்பாலிக்ஸ் என்ற மாசசூசெட்ஸ் கணினி நிறுவனம் அதைப் பெற்றது. பிறகு பத்தாண்டுகள் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, கேட்டவருக்குக் கொடுத்தார்கள். 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் டாட் காம் பெயரைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு அதைப் பற்றி வயர்ட் இதழில் எழுதினார். நிறுவனம் பிறகு பெயரைக் கேட்டு வந்தபோது அவர் தனக்கென்று எதுவும் வாங்கவில்லை. நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் இணைய வசதிக்காக 3,500 டாலர் கொடுக்க வைத்தார். இந்தத் தொழிலின் தொடக்கத்தில் இப்படி ஒரு செயல் இருப்பதை எங்கு பேசினாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

1995 செப்டம்பரில், அப்போது பெயர்களைப் பதிவு செய்துவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டாண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தது. குவிட்னர் போல எல்லோரும் நடந்துகொள்ளவில்லை. டென்னிஸ் டோப்பன் என்பவர் பெரிய நிறுவனங்களின் பெயர்களாகப் பார்த்துப் பதிவு செய்தார். பானாவிஷன் டாட் காமில் இல்லினாய் மாநிலத்துப் பானா என்ற சிற்றூரை வானிலிருந்து எடுத்த படங்களைப் போட்டுவைத்து, பெயரை விட்டுக்கொடுக்க 13,000 டாலர் கேட்டார். வழக்கில் அவர் தோற்றார்; 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பும் நீதிமன்றம் போகாமலே பெயர்ச் சண்டைகளைத் தீர்க்கும் நடைமுறையை அதே 1999இல் கொண்டுவந்தது.

அதுவரை பெயரில் காசு பார்க்க ஒரே வழி விற்பதுதான். பிசினஸ் டாட் காம் 1,50,000 டாலருக்கு வாங்கப்பட்டு 1999இல் 75 லட்சம் டாலருக்கு விற்றது. விற்காத பெயர் சும்மா கிடக்கும், ஆண்டுக்கட்டணத்தைத் தின்னும். தினமும் வாடகை வருகிற நிலை பிறந்தது கிளிக் விளம்பரத்தால். பில் கிராஸ் 1998இல் தொடங்கிய கோடூ என்ற தேடுபொறி, விளம்பரதாரர்களை ஒவ்வொரு சொல்லுக்கும் ஏலம் கேட்க வைத்தது. தட்டினால் மட்டும் காசு. அதுவே ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003இல் 163 கோடி டாலருக்கு யாஹூ கைக்குப் போனது. அதே ஆண்டு கூகுள் 10.2 கோடி டாலருக்கு அப்ளைட் செமான்டிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. ஒரு பெயரைப் படித்து, அதை அடித்தவர் எதைத் தேடியிருப்பார் என்று ஊகித்து, பொருத்தமான விளம்பரங்களை எடுத்துவைக்கும் நுட்பம் அவர்களிடம் இருந்தது.

இந்த இரண்டும் கூடியதும் சும்மா கிடந்த பெயர்கள் சம்பாதிக்கத் தொடங்கின. 2004 நவம்பரில் மார்செக்ஸ் என்ற சியாட்டில் நிறுவனம், ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள் வைத்திருந்த நேம் டெவலப்மென்ட் நிறுவனத்தை 16.4 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கேமன் தீவுகளில் இருந்துகொண்டு ஃபிராங்க் ஷில்லிங் லட்சக்கணக்கில் பெயர்கள் சேர்த்தார். மும்பையில் துராக்கியா சகோதரர்களின் டைரக்டி குழுமம் ஸ்கென்சோ என்ற பார்க்கிங் நிறுவனத்தை நடத்தியது.

எங்கள் வேலையின் முக்கியமான நேரம் நள்ளிரவை ஒட்டி வரும். புதுப்பிக்காத பெயர் உடனே விடுபடாது. மீட்பதற்கு 30 நாள் அவகாசம், அதற்குப் பின் 5 நாள் காத்திருப்பு. கடைசி நாளில் அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணிக்கு வெரிசைன் அன்றைய பெயர்களை ஒவ்வொன்றாக விடுவிக்கத் தொடங்கும். அவர்களுக்குக் கோடை என்றால் நமக்கு இரவு 11.30, குளிர்காலம் என்றால் 12.30. பிடிப்பதென்னவோ இயந்திரங்கள், நொடிக்குள் முடிந்துவிடும். எதைப் பிடிக்கச் சொல்வது என்று பட்டியலைச் சலித்துக் கொடுக்கிற வேலை எங்களுடையது. அன்றாடம் வந்து விழுகிற நீண்ட பட்டியலில் கோடு போட்ட பெயர், எண் கலந்த பெயர், யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் எல்லாம் போக, சாதாரணச் சொல்லோ ஊர்ப் பெயரும் தொழிலும் சேர்ந்ததோ கொஞ்சம்தான் தேறும். ஓஹையோவில் ஒரு நடுத்தர ஊர், கூடவே பிளம்பர். அது கிடைத்தால் எங்களுக்கு நல்ல இரவு. குழாய் உடைந்தவர் எதையும் படித்துக்கொண்டிருக்க மாட்டார், உடனே விளம்பரத்தைத் தட்டுவார். அந்த ஊரில் குளிர் உறைந்து குழாய் வெடிக்கிற ஜனவரியில் வருமானம் ஏறுவதை எங்கள் எக்செல் தாளில் பார்த்திருக்கிறேன்.

இதை ஏமாற்று வேலை என்று சொன்னவர்களோடு அப்போதே வாதாடியிருக்கிறேன், இன்றும் வாதாடுவேன். பிளம்பர் வேண்டும் என்று அடித்தவருக்கு நாலு பிளம்பர்களின் விளம்பரம் கிடைத்தது. அவர் போக நினைத்த இடம் வேறொன்று அல்ல. புத்தகப் பை மாட்டிச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் எண்ணற்ற பார்க்கிங் பக்கங்களில் அந்நாட்களில் வந்தது. பள்ளிக்கும் அதே படம், பல் மருத்துவத்துக்கும் அதே படம். பக்கங்கள் அசிங்கமாக இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். அசிங்கம் வேறு, திருட்டு வேறு.

திருட்டும் நடந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்து, கை தவறி அடித்தவரைப் பிடித்து, அதே நிறுவனத்தின் விளம்பரத்தைக் காட்டி, அதனிடமே காசு வாங்குவது. இதைச் செய்தவர்கள் சிறிய ஆட்கள் மட்டுமில்லை. 2003 செப்டம்பர் 15 அன்று வெரிசைனே, பதிவாகாத எந்த டாட் காம், டாட் நெட் பெயரை அடித்தாலும் தன் பக்கத்துக்கு வருமாறு மாற்றியது. சைட் ஃபைண்டர் என்று அதற்குப் பெயர். இல்லாத முகவரியை இல்லை என்று சொல்வதை நம்பியிருந்த ஸ்பேம் வடிகட்டிகள் குழம்பின. எதிர்ப்பு கிளம்பி, ஐகான் எச்சரித்த பிறகு அக்டோபர் 4இல் நிறுத்தினார்கள். பெயர்ப் பதிவேட்டைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்களே இப்படிச் செய்தது என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம். 2006இல் கெவின் ஹாம் என்ற வான்கூவர்காரர் கேமரூன் நாட்டோடு ஏற்பாடு செய்துகொண்டார். டாட் காம் என்பதில் ஓ விட்டுப்போய் டாட் சிஎம் என்று அடித்தவர்களெல்லாம் விளம்பரப் பக்கத்தில் போய் விழுந்தார்கள்.

இவற்றைவிடத் தொழிலை அழுகவைத்தது ஐந்து நாள் விளையாட்டு. தவறுதலாகப் பதிவு செய்தவர் ஐந்து நாளுக்குள் திருப்பிக்கொடுத்தால் முழுப் பணமும் திரும்பும் என்பது விதி. சில பதிவாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு லட்சம் லட்சமாகப் பெயர்களை எடுத்து, ஐந்து நாள் பார்க்கிங்கில் போட்டு, காசு தந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பினார்கள். இரண்டு சென்ட் கணக்கே இல்லாமல் போனது. முதல் போடாமல் அறுவடை. 2008 ஜூனில் ஐகான், அளவுக்கு மேல் திருப்பும் பெயர் ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட் வாங்கத் தொடங்கியது. அடுத்த ஏப்ரலுக்குள் அந்தப் பழக்கம் 99.7 சதவீதம் குறைந்துவிட்டது. இவ்வளவு எளிதில் தீர்ந்திருக்கக்கூடிய நோயை அத்தனை ஆண்டுகள் வளரவிட்டார்கள்.

நம் ஊரிலும் முகவரியை நேரே அடிக்கும் பழக்கம் இருந்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே 1999இல் இந்தியாவேர்ல்ட் என்ற இணைய நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது கைக்கு வந்தவற்றில் சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி என்ற டாட் காம்கள் இருந்தன. எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள், யாரும் யோசிக்காமல் அடிக்கக்கூடியவை. அதே நிறுவனம் தன் சிஃபி பெயருக்காகத் தொடுத்த வழக்கில்தான், இணையப் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு வைத்திருந்த பெயரில் கூடுதலாக இருந்தது ஓர் எஃப் மட்டும். அந்தத் தீர்ப்பின் நகலை அச்செடுத்து எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை கைமாற்றிப் படித்தோம். ஓர் எழுத்து மாறிய பெயர் பட்டியலில் வந்தால் அதன்பின் நாங்கள் தொடவில்லை.

சட்டம் பெயர்களைத்தான் துரத்தியது. வருமானத்தை நிறுத்தியது சட்டம் அல்ல. 2008 செப்டம்பரில் வந்த குரோம் உலாவியில் முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி. பிளம்பர் என்று அடித்தாலே போதும், டாட் காம் சேர்க்க வேண்டாம், நேரே தேடல் முடிவுகள் வந்துவிடும். மற்ற உலாவிகளும் அந்த வழிக்கே வந்தன. பிறகு கைப்பேசி, பிறகு செயலிகள். எங்கள் தாளில் நாளுக்கு ஐந்து சென்ட் கொடுத்துக்கொண்டிருந்த பெயர் மூன்றாகி, ஒன்றாகி, புதுப்பிக்க வேண்டாம் என்ற பத்திக்கு நகர்ந்தது. காரணம் கேட்டு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வரும். பெயரில் கோளாறு இல்லை, அடிக்கிற ஆள் இல்லை என்று டீம் லீடர் சொல்வார். நான் வேறு வேலைக்குப் போனபோது அந்த அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி.

கூகுள் தானே பக்கம் அமைத்துக்கொடுத்த பார்க்கிங் சேவையை 2012இல் மூடியது. பெரிய கூட்டாளிகள் வழியாக மட்டும் விளம்பரம் தந்தது. 2025இல் விளம்பரதாரர்கள் தாமாகக் கேட்டால் ஒழிய பார்க்கிங் பக்கங்களில் விளம்பரம் வராது என்று மாற்றியது. இதற்கிடையே வெரிசைனின் விலை 2024இல் 10.26 டாலரானது.

இப்போது பெயர் வாங்கிச் சேர்க்கிறவர்கள் கிளிக்குக்காகக் காத்திருப்பதில்லை. அங்குயில்லா என்ற கரீபியன் தீவின் டாட் ஏஐ பெயர்களுக்கு அப்படி ஓட்டம்; 2023இல் அந்தத் தீவின் அரசுக்கு இதில் வந்தது சுமார் 3.2 கோடி டாலர், அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். குறைந்தது இரண்டாண்டுக்குக் கட்டியே வாங்க வேண்டும். அப்படி வாங்கிய பெயரில் நாலைந்து இணைப்புகளும் சிரிக்கும் பெண்ணும் இருப்பதில்லை. விற்பனைக்கு என்ற ஒரு வரியும் விலையும் இருக்கின்றன. வாங்க ஆள் வரும்வரை அந்தப் பெயர் ஒரு சென்ட்டும் கொடுப்பதில்லை. கோடூ வருவதற்கு முன்பும் எல்லாப் பெயர்களும் அப்படித்தான் கிடந்தன.