இருவகைப் பால்

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் இருவகைப் பாலால் வாழ்ந்தனர். ஒன்று மரத்துப் பால். மற்றொன்று மாட்டுப் பால். விடியுமுன் பசுவைக் கறந்துவிட்டுப் பெரட்டுக்கு விரைந்த குடும்பங்கள் பல. மரத்துப் பால் தோட்டத்துக்குரியது. மாட்டுப் பாலோ லயத்து மக்களின் சொந்த வருவாய். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அது கைகொடுத்தது.

மழையும் சேறும் மிக்க இந்நாட்டில் மாடுகளுக்குக் குளம்பழுகல் நோய் எளிதில் வரும். நொண்டும் மாடு சரியாக மேயாது. மேயாத மாட்டின் பால் வற்றும். முன்னாளில் புண்ணைக் கழுவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் இட்டனர். அலெக்சாண்டர் பிளமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்தபின் மருத்துவம் மாறலாயிற்று. ஈப்போவில் 1948இல் கால்நடை ஆய்வுக் கழகம் தோன்றியது. 1950இல் ஆக்சிடெட்ராசைக்ளின் அறிமுகமாயிற்று. நெடுநாள் நொண்டிய மாடுகள் சில நாள்களிலேயே தேறி நடந்தன.

ஆயின், ஊசிவழிச் சென்ற மருந்து குளம்போடு நிற்பதில்லை. குருதியிற் கலந்து மடியை அடைந்து பாலிலும் இறங்குகிறது. மேலைநாட்டில் பாலாடைக்கட்டி செய்வோர் இதனை முன்னரே உணர்ந்தனர். அவர்கள் உறையிட்ட பால் உறையவில்லை. நம் வீட்டுத் தயிர்ப்பானையிலும் இவ்வாறு நிகழலாம். நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து, பாலைத் தயிராக்கும் நற்கிருமியையும் கொல்கிறது. தயிர் தோய்ந்ததனாலேயே பால் தூயதென்று கொள்ளவும் இயலாது. அதனினும் நுண்ணிய அளவு மருந்து ஒவ்வாமை உடையோரைத் தாக்கலாம். மருந்துக்கு அடங்காக் கிருமிகள் பெருகவும் வழிசெய்யலாம். காய்ச்சினாலும் அது முற்றும் அழிவதில்லை.

ஒரு லிட்டர் பாலில் பெனிசிலின் 4 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அனைத்துலக வரையறை. மலேசியாவும் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தாலும் 1985ஆம் ஆண்டு உணவு விதிகளாலும் மருந்தெச்சத்தைக் கட்டுப்படுத்துகிறது.

வழி எளிது: மருத்துவர் குறித்த நாள் கழியும்வரை பாலை விற்காமல் கொட்டிவிடுதல். செய்தலோ கடிது. நூறு மாடு உடையவருக்கு ஒரு மாட்டின் பால் சிறு இழப்பு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், இரண்டு மூன்று மாடுகளோடு வெளியேறியவருக்கு அஃது அன்றாடச் சோறு. கண்ணுக்குத் தெரியாத மருந்துக்காகக் கையிலுள்ள பாலைக் கொட்டும் அவரது நேர்மையை எவரும் காண்பதில்லை. அந்த இழப்பை அவரே தாங்குகிறார்.

எனவே, நோயை வருமுன் தடுப்பதே ஏழைக்கு ஏற்றது. கொட்டகையை உலர்வாக வைத்தலும், குளம்பைச் சீவிச் செப்பனிடுதலும், மயில்துத்த நீரில் கால் நனைத்தலும் பெருஞ்செலவு கோருவன அல்ல. மாட்டோடு வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு இவ்வறிவை ஊட்டுதல் நம் பள்ளிகளின் கடனாகும்.