இப்ப நீ ஆடு

தேவாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கே மலை தெரியும். அதுக்கு அங்கிட்டு கேரளா, ஏலத்தோட்டங்கள். அந்தத் திண்ணையில்தான் தாத்தா கரிக்கட்டையால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு போடுவார். 23 புள்ளிகள், புலிக்கு 3 கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. நான் எப்பவும் புலிதான் கேட்பேன். புலி தாண்டி வெட்டும். ஆடு நகரத்தான் முடியும், அதுவும் 15-ஐயும் இறக்கி முடித்த பிறகு.

முதல் ஆட்டம் முடிந்ததும் தாத்தா மூன்று கல்லையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். “இப்ப நீ ஆடு. இங்கிட்டு வந்து உக்காரு.” வெட்டுப்பட்ட என் கொட்டைகள் அவர் வேட்டி மடிப்புக்குள் போய்விடும். எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஆட்டம் முடிகிறவரை வெளியே வராது. அதே கோடு, அதே விதி. ஆனால் எனக்கு அது முற்றிலும் வேறு விளையாட்டாக இருந்தது.

வீடியோ கேம்களின் அடுத்தடுத்த பாகங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் திண்ணை ஞாபகம் வந்துவிடுகிறது. முக்கியமாக ஸ்ட்ராட்டஜி ஆர்பிஜி வகை. கட்டம் கட்டமாகப் படை நகர்த்தும் போர் விளையாட்டும், பாத்திரங்களை வளர்த்தெடுக்கும் கதை விளையாட்டும் கலந்தது.

1988-இல் ஜப்பானின் இன்டலிஜென்ட் சிஸ்டம்ஸ், நிண்டெண்டோவுக்காக ‘ஃபமிகாம் வார்ஸ்’ செய்தது. அதில் காசு கொடுத்தால் தொழிற்சாலையில் வீரர்கள் உற்பத்தியாவார்கள். ஒருத்தன் போனால் இன்னொருத்தன். யாருக்கும் பெயர் கிடையாது. 1990-இல் அதே நிறுவனத்தில் ஷோசோ காகா ‘ஃபயர் எம்ப்ளம்’ உருவாக்கினார். இங்கே வீரனுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு. செத்தால் அநேகமாகத் திரும்ப வரமாட்டான். புளியங்கொட்டைக்குப் பெயர் வைத்த மாதிரிதான். அதற்குப் பிறகு அதை மடிப்புக்குள் போடவிட மனசு வராது.

நான் சொல்ல வந்தது அந்தத் தொடரின் இரண்டு பாகங்களைப் பற்றி. இரண்டுமே ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வரவில்லை. ரசிகர்கள் மொழிபெயர்த்த பிரதிகளை எமுலேட்டரில் போட்டுத்தான் ஆடினேன்.

1996-இல் வந்த ‘ஜினியாலஜி ஆஃப் தி ஹோலி வார்’ புலி ஆட்டம். மைதானம் மாதிரி பெரிய வரைபடங்கள். நாயகன் சிகுர்ட் குதிரையில் ஏறி ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போவான். அப்புறம் கதையின் நடுவில், வெற்றி வரவேற்பு என்று அழைத்து, மொத்தப் படையையும் தீ வைத்துக் கொல்கிறார்கள். நாம் பார்த்துப் பார்த்து வளர்த்த எல்லாம் போச்சு. இரண்டாம் பாதியில் அவர்களுடைய பிள்ளைகள் வருகிறார்கள். யாரை யாரோடு சேர்த்து வைத்தோமோ அதைப் பொறுத்து அப்பன் ஆயுதமும் அம்மா திறமையும் பிள்ளைக்கு வந்து சேரும். ஒரே விளையாட்டுக்குள் இரண்டாம் பாகத்தையும் வைத்துவிட்ட மனுஷன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

1999-இல் ‘திரேசியா 776’ செய்தார். முந்தைய கதையின் இரண்டாம் பாதியில் வந்து சேரும் துணைப்பாத்திரமான லீஃப்தான் இதில் நாயகன். நாடு பறிபோன இளவரசன், துரத்தப்படுகிறவன். அதாவது ஆடு.

என் வேலையில் வெர்ஷன் 2 என்றாலே “என்ன புதுசா சேத்திருக்கீங்க?” என்றுதான் கேட்பார்கள். எதை எடுத்தீங்க என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. காகா எடுத்துக்கொண்டே போகிறார். முன்பு நம் பலமே குதிரைதான். இதில் கட்டடத்துக்குள் நுழைந்தால் இறங்கியாக வேண்டும். பழைய பாகத்தில் ஈட்டியால் எதிரிகளைக் குத்திச் சாய்த்த ஃபின், உள்ளே வந்தால் வாளைத்தான் பிடிக்க முடியும். கையில் காசு இருக்காது. எதிரியை உயிரோடு பிடித்து அவன் ஆயுதத்தைப் பறிக்க வேண்டும். பிடிக்கப் போகிற நேரம் நம் பலம் பாதியாகிவிடும். அதிகம் உழைத்தவன் களைத்துப்போய் அடுத்த அத்தியாயத்துக்கு வரமாட்டான் (ஐடி கம்பெனிகள் கவனிக்க). ஒரு கட்டத்தில் லீஃபையே சிறையில் போட்டு, கையிலிருப்பதை எல்லாம் பிடுங்கிவிடுகிறார்கள்.

பழைய ஆட்டத்தில் கற்ற எதுவும் வீணாகவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் தடுக்கியது. முன்னே பாய்ந்தே பழகிய கைக்கு ஒளிந்து போவது எப்படி என்று தெரியவில்லை. எனக்கு அந்த விளையாட்டில் கிடைத்த சுகமே இதுதான். 2012-இல் வந்த ‘அவேக்கனிங்’ வேறு மாதிரி. இரண்டரை லட்சம் பிரதிகள் விற்காவிட்டால் தொடரையே நிறுத்திவிடுவது என்ற நிலையில் செய்தது. 1996-இன் பிள்ளைகள், 1992 பாகத்தின் உலக வரைபடம் என்று பழசில் நல்லதையெல்லாம் எடுத்து வைத்தார்கள். கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. தொடர் பிழைத்தது. எனக்கும் வயிறு நிறைந்தது, அவ்வளவுதான்.

திரேசியாவில் தப்பி ஓடும் அத்தியாயங்கள் உண்டு. எல்லாரையும் அனுப்பிவிட்டு லீஃப் கடைசியாக வெளியேற வேண்டும். அவன் முந்திப் போய்விட்டால் உள்ளே நிற்கிறவர்கள் எதிரியிடம் மாட்டுவார்கள். எனக்கு அது தெரியாது. நாயகன் பிழைத்தால் போதும் என்று முதலில் அவனை வெளியே கொண்டுபோனேன். ஒருத்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

எமுலேட்டரில் ஒரு கீயை அழுத்தினால் ஐந்து நிமிடம் பின்னால் போய்விடலாம். விரல் அதன் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு சிறைச்சாலையில் அவளை மீட்க வழி உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.