கிழ ஹாம்ஸ்டரும் காலா அசாரும்

1839-இல் ஜார்ஜ் ராபர்ட் வாட்டர்ஹவுஸ் என்ற விலங்கியலாளர், சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த ஒரே ஒரு மாதிரியை லண்டன் விலங்கியல் சங்கத்தில் காட்டி, இது புது இனம் என்று அறிவித்தார். பொன் நிறமாக இருந்ததால் பெயரில் ‘ஆராடஸ்’ என்று சேர்த்தார். அந்த மாதிரி ஒரு வயதான பெண் ஹாம்ஸ்டர். அதாவது இந்த இனம் அறிவியல் ஏட்டில் ஏறியதே ஒரு கிழவியின் பெயரில்தான்.

எங்கள் மண்ணூர்பேட்டை வீட்டில் இருப்பதும் ஒரு கிழவிதான். பெயர் போண்டா, என் மகள் வைத்தது. கொளத்தூரில் வாங்கியபோது உள்ளங்கையில் பாதிகூட இல்லை. இப்போது இரண்டு வருஷம் மூன்று மாதம். ஹாம்ஸ்டருக்கு ஆயுள் இரண்டிலிருந்து மூன்று வருஷம் என்பதால் நம் கணக்கில் பாட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். போன மாதம் முதுகைத் தடவும்போது எலும்பு தட்டுப்பட்டது. ஆனால் சமையலறைத் தராசில் எடை குறையவில்லை. எங்கேயோ கணக்கு இடித்தது. வயிறு உப்பியிருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். உடம்பு இளைத்ததை வயிற்றுத் தண்ணீர் ஈடுகட்டி, தராசை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

முதலில் போன கிளினிக்கில் “நாய், பூனை மட்டும்தான் சார்” என்றார்கள். கீழ்வீட்டு அக்கா படியிலேயே நிறுத்தி, “இதுக்கெல்லாமா தம்பி டாக்டரு? கொழந்தைக்கு வாங்குன ஆன்டிபயாடிக் சிரப்பு மிச்சம் இருந்தா ரெண்டு சொட்டு விட்டுப் பாரு” என்றார். அன்பாகச் சொன்னதுதான். அந்த ரெண்டு சொட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தப் பிராணி மனிதர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு.

1903. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் ஜி.எச்., அப்போதைய மெட்ராஸ் பொது மருத்துவமனை. கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரரான சார்லஸ் டோனவன் அங்கே மருத்துவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரும்கூட. ஓய்வு நேரத்தில் பட்டாம்பூச்சி சேகரிப்பவர். காய்ச்சல் விடாது, மண்ணீரல் வீங்கும், வயிறு பெருத்துக் கைகால் குச்சியாகும் நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். மலேரியா என்று கொய்னா கொடுத்தால் கேட்காது. அந்த ஏப்ரலில் இறந்தவர்களின் மண்ணீரலில் சின்னச் சின்ன உருவங்களைக் கண்டார். ஜூன் 17 அன்று, உயிரோடிருந்த 12 வயதுப் பையனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த துளியிலும் அவையே இருந்தன. டம்டமில் நோய்ப்பட்டு இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் உடலில் வில்லியம் லீஷ்மன் பார்த்ததும் இதே உருவங்கள். அவர் கட்டுரை டோனவனுடையதைவிடச் சில வாரங்கள் முந்தி, மே மாதமே வந்துவிட்டது. யார் முதலில் என்ற சண்டைக்கு ரொனால்ட் ராஸ் ஒரு வழி கண்டார்: ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று ரெண்டு பேரையும் ஒரே ஒட்டுண்ணியின் பெயரில் கட்டிப் போட்டார். நோயின் பெயர் காலா அசார்.

ஒட்டுண்ணி தெரிந்துவிட்டது. அதை ஆராய ஒரு பிராணி வேண்டும். எலிக்கு ஏற்றினால் மனிதனுக்கு வருவதுபோல நோய் வராது. சீன ஹாம்ஸ்டருக்கு வரும் என்று 1924-இல் பீக்கிங்கில் கண்டுபிடித்தார்கள். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இதே நோயை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லர் அவற்றைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். கூண்டில் அவை பெருகவில்லை. ஒவ்வொரு முறையும் சீனாவுக்கு எழுதிக்கொண்டிருக்க முடியுமா? பக்கத்தில் ஏதாவது ஹாம்ஸ்டர் கிடைக்குமா என்று இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளரிடம் கேட்டார்.

அஹரோனி 1930 ஏப்ரலில் அலெப்போ போனார். உள்ளூர் ஷேக் கொடுத்த ஆட்கள் ஒரு கோதுமை வயலைத் தோண்டிப் பாழாக்கி, சுமார் எட்டடி ஆழத்தில் ஒரு வளையைக் கண்டார்கள். ஒரு தாய், 11 குட்டிகள். பெட்டியில் போட்டதும் தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றது. மற்றவற்றையும் கொன்றுவிடும் என்று பயந்து அஹரோனி தாயைக் கொன்றார். கண் திறக்காத குட்டிகளைச் சொட்டு சொட்டாகப் பால் கொடுத்து அவரும் மனைவியும் வளர்த்தார்கள். பல்கலைக்கழகக் கூண்டுக்கு வந்த பிறகு மரத்தரையைக் கடித்துத் தப்பித்த ஐந்து செத்தன. மிஞ்சிய ஒருசிலவற்றில் அண்ணனும் தங்கையும் இணைந்தார்கள். ஒரே வருஷத்தில் நூற்றைம்பது. கர்ப்பகாலம் 16 நாள்தான், கேட்கவா வேண்டும்.

1931-இல் ஆட்லர் சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கோட்டுப் பையில் ஒளித்துக் கடத்தியதாகச் சொல்வார்கள். 1938-இல் அமெரிக்கா. அங்கிருந்து சோதனைச்சாலை, பிறகு செல்லப்பிராணிக் கடை. 1971-இல் ஓர் அமெரிக்கர் அலெப்போவிலிருந்து 12 ஹாம்ஸ்டர்களைப் பிடித்துப் போனார். அப்படிச் சில விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டால், உலகத்தில் வீட்டுக் கூண்டில் ஓடும் சிரிய ஹாம்ஸ்டர்கள் எல்லாமே அந்த ஒரு வளைக் குட்டிகளின் வம்சம்.

(இன்னொரு ஒட்டுறவும் உண்டு. ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் பயறு அடுக்கப்பட்டிருந்ததை வாட்டர்ஹவுஸுக்கு முன்பே, அலெப்போவின் இயற்கை வரலாறு பற்றிய புத்தகத்தின் 1794 பதிப்பு சொல்லிவிட்டது. அதைப் பதிப்பித்த பாட்ரிக் ரஸ்ஸல், அதற்கு முன்பே மெட்ராஸ் மாகாணத்தில் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்து பாம்பு பிடித்தவர். நம் கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர் அவருடையது.)

ஆட்லர் தேடியது கிடைத்தது. டோனவானி ஏற்றிய ஹாம்ஸ்டருக்கு மண்ணீரலும் ஈரலும் வீங்கும், வயிற்றில் தண்ணீர் கோக்கும், முதுகு இளைக்கும், பிறகு சாகும். ஆராய்ச்சியாளர் காத்திருப்பது இதற்குத்தான். சோதனை சரியாகப் போகிறது என்று அர்த்தம். இதைப் படித்த இரவு போண்டாவைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. அவளுக்குக் காலா அசார் இல்லை. அது மணல் ஈ கடித்து வருவது. ஆனால் அறிகுறிப் பட்டியல் அப்படியே அவள் உடம்பில் இருந்தது.

பெரும்பாலான சோதனைகள் வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துவிடும், ஹாம்ஸ்டருக்கு மூப்பு வர அவகாசம் இருக்காது. முதுமை வரை விட்டுவைத்த கூட்டங்களில் பார்த்தபோது, அமிலாய்ட் என்ற புரதம் சிறுநீரகத்திலும் ஈரலிலும் படிவது சாதாரணமாக இருந்தது, பெண்களிடம் அதிகம். இதய அறையில் ரத்தம் உறைவது இன்னொன்று. நமக்குத் தெரிந்த ஹாம்ஸ்டர் முதுமையில் பெரும்பகுதி இப்படிப் பிணப் பரிசோதனை மேஜையிலிருந்து வந்தது. உயிரோடிருக்கும் 140 கிராம் பிராணியிடம் ரத்தம் எடுத்துப் பார்ப்பதே பெரும்பாடு. மொத்த உடம்பிலும் சுமார் 11 மில்லி ரத்தம்தான்.

இப்போது அக்காவின் சிரப்பு. 1977-இல் அமெரிக்காவில் ஜான் பார்ட்லெட் குழு ஹாம்ஸ்டர்களுக்கு க்ளிண்டாமைசின் கொடுத்துப் பார்த்தது. மருந்து குடலின் நல்ல கிருமிகளை அழித்தது. அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் கிருமி பெருகி, நஞ்சு கக்கி, ஹாம்ஸ்டர்களைக் கொன்றது. அடுத்த வருஷமே மனிதர்களிடமும் ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் கொடும் பேதிக்கு அந்த வகைக் கிருமியே காரணம் என்று தெரிந்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் உயிர் பிழைக்கும் பலர் அந்த ஹாம்ஸ்டர்களுக்குக் கடன்பட்டவர்கள். அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகைகளை வாய்வழி கொடுத்தாலும் ஹாம்ஸ்டருக்கு இதே ஆபத்துதான். குழந்தைக்கு வாங்கி மிஞ்சுவது பெரும்பாலும் அந்த வகை சிரப்பாகவே இருக்கும். அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “அது இதுக்கு விஷம்கா” என்றேன். “அடப்பாவமே” என்றார், அதோடு தினம் விசாரிக்க ஆரம்பித்தார்.

கடைசியில் பறவை, முயல் எல்லாம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். ஸ்கேனில் வயிற்றில் தண்ணீர் தெரிந்தது, கர்ப்பப்பையில் சீழ் இல்லை. “இதயமா இருக்கலாம், கிட்னியா இருக்கலாம். கிழவி சார். மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்காமலே போயிடலாம். தண்ணிய எடுத்து விடுறேன். திரும்ப சேரும்” என்றார். உள்ளே திறந்து பார்த்தால் இன்னும் தெரியவரும். எங்களுக்குத் தெரியவரும், அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. வேண்டாம் என்றோம்.

“அவளுக்கு வலிக்குதாப்பா?” என்று மகள் கேட்டாள். இரையாகும் பிராணிகள் வலியைக் காட்டாது. காட்டினால் பிடித்துத் தின்றுவிடுவார்கள். அதனால் வேறு எதையாவது பார்க்க வேண்டும். சாப்பிடுகிறாளா, முகம் கழுவிக்கொள்கிறாளா, சாயங்காலம் கூட்டை விட்டு வெளியே வருகிறாளா. இந்த மூன்றில் இரண்டு நின்றால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. தூங்க வைத்துவிடலாம் என்று மகள் காதில் விழாமல் சொன்னார். மகளுக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

கூண்டின் மாடியைக் கழற்றிவிட்டோம், ஏறி விழுந்துவிடுவாள். தண்ணீர்ப் புட்டியை ஒரு விரல் இறக்கினோம். சூரியகாந்தி விதையை நிறுத்திவிட்டு, வேகவைத்த பூசணியும் முட்டை வெள்ளையும் துளித் துளியாக. மே மாதம் என்பதால் கூண்டுக்குள் ஒரு டைல்ஸ் துண்டு. பகலெல்லாம் வயிற்றை அதன்மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறாள். தண்ணீர் எடுத்த அன்று 118 கிராம். நேற்று 124. கூடிய ஆறு கிராம் சதையா தண்ணீரா என்று முதுகைத் தடவித்தான் பார்க்க வேண்டும். அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.