குறைமாதக் குழந்தைகளின் நாள்பட்ட நுரையீரல் நோய்

மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 28 நாள் கடந்தும் ஆக்சிஜன் தேவைப்படும் நிலை. பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா எனப்படும் இதை 1967இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் நார்த்வே குழுவினர் விவரித்தனர்.

ஆபத்துக் காரணிகள்: 28 வாரத்துக்கு முந்திய பிறப்பு, 1000 கிராமுக்குக் குறைந்த எடை, கருவில் வளர்ச்சிக் குறைவு, பனிக்குடத் தொற்று, தாயின் புகைப்பழக்கம். ஆண் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். பிறந்தபின் வென்டிலேட்டர் அழுத்தம், மிகை ஆக்சிஜன், இரத்தத் தொற்று ஆகியவை முதிராத காற்றுப்பைகளைப் புண்ணாக்குகின்றன.

தடுப்பு: தாய்க்குப் பிரசவத்துக்கு முன் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் மூச்சுத்திணறலைக் குறைக்கும், அது முழுப்பயன் தர ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். பிறந்தபின் குழந்தைக்கு மூக்குவழிக் காற்றழுத்தக் கருவி, காஃபீன் மருந்து, தாய்ப்பால் ஆகியவையும் உதவும்.

பேச்சிப்பாறை (கன்னியாகுமரி மாவட்டம்): நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து படகில் வந்தே சாலையைப் பிடிக்க வேண்டும். ஆகவே ஸ்டீராய்டு ஊசி பயன் தர நேரம் கிடைக்கும்படி, குறைமாத வலி தொடங்கியதுமே தாயை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.