ஐந்தொகைக்கு முன்பே

ரங்கூன் முகல் தெருவின் நகரத்தார் வட்டிக்கடைகளில் கணக்கு என்பது அன்றாட வேலை. கைப்பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்த மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். கொடுத்ததும் வாங்கியதும் அன்றன்றே குறிப்பில் ஏறும். அங்கிருந்து பேரேட்டில் அவரவர் பெயருக்குப் போகும். மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள், அதுவும் கணக்கில் ஏறும். ஐந்தொகை எழுதி ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்பும்போது அதில் புதிதாகத் தெரிய ஏதும் மிச்சமிருக்காது. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு இந்த முறையை விரிவாகப் பதிவு செய்தது. வரலாற்றாசிரியர்கள் இதை வணிகத் திறமைக்குச் சான்றாகவே காட்டுகிறார்கள். வருமானவரியின் பக்கமிருந்து பார்த்தால் இதில் வேறொரு பாடமும் இருக்கிறது. வரியைக் கணக்கிடுவது ஆண்டு முடிந்த பிறகு. அது எவ்வளவு என்று தீர்மானமாவதோ பணம் கைமாறும் நாளில். அந்த நாளில் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால், பிறகு வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நடந்ததை எழுதத்தான் முடியும்.

1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கஜானாவை நிரப்ப நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் கொண்டுவந்த வருமானவரி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1886இல் நிலையாகத் திரும்பிவந்தது. நமக்கு முக்கியமானது 1922ஆம் ஆண்டுச் சட்டம். வணிகர் எந்த முறையில் தொடர்ந்து கணக்கு வைக்கிறாரோ அந்த முறையிலேயே வருமானத்தைக் கணக்கிட வேண்டும் என்றது அதன் 13ஆம் பிரிவு. ஒழுங்கான முறை இல்லையென்றால் அதிகாரி தனக்குச் சரியென்று பட்ட அடிப்படையில் கணக்கிடலாம். அடுத்தது வெளிநாட்டு லாபம். அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டால்தான் வரி. அதிலும் 1933இல் திருத்தம் வரும்வரை, ஈட்டிய ஆண்டு முடிந்து மூன்றாண்டுக்குள் கொண்டுவந்தால் மட்டுமே வரி. ஆகவே மலாயாவிலிருந்து காரைக்குடிக்கு வந்த தொகை முதலா, லாபமா, லாபமென்றால் எந்த ஆண்டு லாபம் என்பதற்கெல்லாம் பேரேடு பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால் வந்த பணம் லாபம் என்றே கொள்ளப்படும். நகரத்தாரின் சொந்த ஊர்கள் அடங்கிய செட்டிநாட்டின் அமைப்பு இதை இன்னும் சிக்கலாக்கியது. காரைக்குடியும் தேவகோட்டையும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தன. பொன்னமராவதியும் ராயவரமும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில். சில மைல் தூரத்தில் சட்டம் மாறியது. பணம் எந்த ஊரில் வந்து இறங்குகிறது என்பதை, அதை அனுப்பும் முன்பே யோசிக்க வேண்டியிருந்தது. 1948இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபோதுதான் அந்த எல்லை போனது.

முன்பே யோசிக்க வேண்டிய தேவையை உலகப் பொருளாதார மந்தம் கடுமையாகக் காட்டியது. நெல் விலை சரிந்து பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலமே நகரத்தாரான செட்டியார்கள் வசம் இருந்தது. சில ஆண்டுகளில் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கானது. வராத வட்டியைப் பேரேட்டில் வரவாக எழுதிக்கொண்டே போனவர், கைக்கு வராத பணத்துக்கு வரி கட்ட நேர்ந்தது. வாராக்கடனைக் கழிக்க வேண்டுமானால் அது வாராக்கடன் ஆகிவிட்டதென்று காட்ட வேண்டும், 1939 திருத்தத்துக்குப் பிறகு புத்தகத்திலும் தள்ளி எழுதியிருக்க வேண்டும். முகதாட்சண்யத்துக்காகவோ நம்பிக்கையாலோ அதை ஒத்திப்போட்டால் அந்த ஆண்டின் கழிவு போய்விடும். இதற்கிடையே 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. விவசாய வருமானத்துக்கு இருந்த விலக்கு பிரிட்டிஷ் இந்திய நிலத்துக்கு மட்டுமே உரியது. நேற்றுவரை விவசாய வருமானமாக இருந்த அதே வயலின் குத்தகை, மறுநாள் வெளிநாட்டு வருமானம். இரண்டாண்டில் அடுத்த மாற்றம். வெளிநாட்டு லாபத்தை ஊருக்குக் கொண்டுவராவிட்டாலும் வரி என்றானது, யார் இந்தியாவில் வசிப்பவர் என்பதற்கும் புது விதிகள் வந்தன. அவற்றில் ஒன்றன்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆண்டுக்கு 182 நாளாவது ஒரு வீடு பராமரிக்கப்பட்டு, உரியவர் அந்த ஆண்டில் எப்போதாவது இங்கே வந்திருந்தால், அவர் வசிப்பவரே. காரைக்குடியில் பெரிய வீட்டைத் திறந்துவைத்துவிட்டு மலாயாவில் தொழில் செய்தவர், ஒரு கல்யாணத்துக்கு வந்துபோனதே போதும். கப்பல் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. பங்குனி முடிந்து கேட்டால் என்ன பயன்?

இவ்வளவு நுட்பமாகக் கணக்கு எழுதியவர்களுக்குத் தனியாக ஓர் ஆடிட்டர் எதற்கு என்று கேட்கலாம். எழுதுவது ஒரு திறமை, எழுதியதைச் சட்டம் எப்படிப் படிக்கும் என்று முன்கூட்டியே அறிவது இன்னொன்று. முதலாவதில் மேலாளுக்கு இணையில்லை. இரண்டாவது 1922, 1933, 1937, 1939 என்று மாறிக்கொண்டே இருந்தது. அதைத் தொடர்ந்து படிப்பதையே தொழிலாகக் கொண்டவர் வேண்டியிருந்தது. அந்தத் தொழில் இங்கே உருவான காலமும் ஏறத்தாழ இதுதான். 1932 விதிகளின் கீழ் பதிவுபெற்ற கணக்காளர்கள் வந்தார்கள். 1949 ஜூலை 1இல் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அமைந்தது. கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தவரைத் தமிழ்நாட்டு வியாபாரி வரி ஆலோசகராகவும் ஆக்கிக்கொண்டார். ஆனால் மார்ச் மாதத்தில் கணக்கை மூட்டையாகக் கட்டி அவரிடம் அனுப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது. நம் வணிகத்துக்கு அதனால் உண்டான இழப்பு பெரிது என்றே நினைக்கிறேன்.

முன்கூட்டித் திட்டமிடுவது வரி ஏய்ப்புக்கு நல்ல பெயர் சூட்டுவதுதானே என்று சொல்வோரும் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. உச்ச நீதிமன்றமே 1985இல் மெக்டவல் வழக்கில் அதைப் பேசியது. சட்டத்துக்கு உட்பட்ட திட்டமிடல் முறையானது, வெறும் போர்வையான ஏற்பாடுகள் திட்டமிடல் ஆகா என்றது தீர்ப்பு. அந்த வேறுபாட்டை நடைமுறையில் காப்பது காலம்தான். பரிவர்த்தனைக்கு முன் கேட்கும் யோசனை, நடக்கப்போவதைச் சட்டப்படி அமைக்கும். ஆண்டு முடிந்தபின் வரியைக் குறைக்கக் கேட்டால், நடந்ததை மாற்றி எழுதும் ஆசைதான் பிறக்கும். முன்தேதியிட்ட பத்திரங்களும் இல்லாத செலவுச் சீட்டுகளும் பெரும்பாலும் கடைசி மாத அவசரத்தின் பிள்ளைகள்.

சின்னக் கடைக்காரருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? விற்றுவரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்ததானால் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டி முடித்துக்கொள்ளும் வழி இருக்கிறது. அதில் நிற்பவருக்கு மாதாமாதம் ஆடிட்டர் தேவையில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதைத் தாண்டி வளர்ந்தவரின் நிலை வேறு. சரக்கு கொடுத்த ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அந்தச் செலவு கழிவாக ஏற்கப்படாது. பணம் கொடுத்த மாலையே அந்தக் கழிவு போயிற்று. மார்ச்சில் எந்த ஆடிட்டராலும் அதை மீட்க முடியாது. ஆண்டு முழுக்கக் கணக்கைக் கவனிப்பதைச் சட்டமே ஒருவகையில் கட்டாயமாக்கியும் இருக்கிறது. போர்க்காலத்தில், 1944இல், வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டும் முறை வந்தபோது குறிக்கப்பட்ட நாட்கள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. அப்படி வளர்ந்த வணிகர்களுக்கு இன்றும் அதே நாட்கள்தாம். ஜூன் 15இல் முதல் தவணையைக் கட்டுகிறவர் அந்த ஆண்டின் லாபத்தை ஜூனிலேயே மதிப்பிட்டாக வேண்டும். குறைத்துக் கட்டினால் வட்டி சேரும். கூட்டிக் கட்டினால் முதல் முடங்கும். முகல் தெரு மேலாளின் பேரேட்டில் அந்த மதிப்பீடு எந்த மாதத்திலும் தயாராக இருந்திருக்கும்.